வானிலிருந்து கண்ட எழுவான்கரை

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீற்றர் சென்றால் செட்டிபாளையம் என்னும் கிராமம் வரும். பஸ்ஸிற் செல்பவருக்கு அது தெருவோரக் கடைகளும் தென்னைகளும் கோயில் வாயிலும் கொண்ட மற்றோர் ஊராகவே தோன்றும். அவ்வூர் எத்தகைய இடத்தில் அமர்ந்துள்ளது என்பதை அறிய வேண்டுமாயின் ஆகாய விமானத்திலேறிப் பார்த்தல் வேண்டும். இயலாதவர் விண்ணிலிருந்து எடுத்த படத்தையாவது காணல் வேண்டும்.

அங்ஙனம் காணுங்கால், கிழக்கே நீலக்கடல். மேற்கே 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவி. இரண்டுக்கும் இடையே நாடா விரித்தாற்போன்ற ஒரு மணற்றிட்டு. அதன் அகலம் ஓரிரு கிலோமீற்றர். சில இடங்களில் அதுதானும் இல்லை. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிக்குடி என ஊர்கள் அந்நாடாவில் மணிகோத்தாற்போல அமைந்துள்ளன. ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், அது சாயும் பக்கத்தை, அதாவது வாவிக்கு அப்பாலுள்ள வயல் நாட்டைப் படுவான்கரை என்றும் முன்னோர் வழங்கினர். வானத்தில் ஏறிப் பாராமலே இத்துணைப் பொருத்தமான பெயர்களை அவர்கள் எவ்வாறு இட்டனரோ!

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை; பௌர்ணமி. காலை ஏழு மணியளவில் சுமாத்திராத் தீவுக்கு மேற்கே கடலின் அடித்தளம் 1,200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்திற்குப் பிளந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அதன் அலை எழுவான்கரையை அடைந்துவிட்டது. ஆழ்கடலில் அவ்வலையின் வேகம் ஆகாய விமானத்தின் வேகத்தை ஒத்தது. ஆயினும் அங்கே அதன் உயரமோ மிகச் சிறிது. அவ்வேளை தற்செயலாக இந்து சமுத்திரத்தின் மேலே சென்ற ஜேசன்-1 என்னும் செய்மதி அளந்தபோது அது ஏறக்குறைய 60 சென்ரிமீற்றரே இருந்தது. ஆழங்குறைந்த கரையை அணுகியபோதுதான் அது மதிலென எழுந்தது. கடற்கோள் என்னும் சொல்லைப் பள்ளிப் புத்தகத்திற் கபாடபுரத்தோடு சேர்த்துப் படித்த நம் மாணவருக்குச் சுனாமி என்னும் யப்பானியச் சொல்லோ அன்றுதான் அறிமுகமாயிற்று. இலங்கை முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அன்று காலையிலேயே மேற்குக் கரையிலுள்ள களுத்துறைக்கு மேலே ஒரு செய்மதி பறந்தது. கடல் பின்வாங்கிச் சுழித்தோடுவதை அது எடுத்த படம் உலகெங்கும் பரவிற்று. பின்வந்த நாள்களிற் கிழக்குக் கரையையும் வானிலிருந்து பலர் படம் பிடித்தனர். அப்படங்களை நிதானமாக நோக்குவோமாயின், முதலிற் கண்ணிற் படுவது நிறமாற்றம். கடலோரமாகப் பச்சை அழிந்து, சேற்று நிறமான ஒரு பட்டை கரை நெடுகச் செல்கிறது. அதற்குள்ளே சிறு சிறு சதுரங்கள். சுவரும் கூரையும் போக எஞ்சிய வீட்டுத் தளங்கள் அவை. ஒரு சதுரம் ஒரு குடும்பம் என்று எண்ணத் தொடங்கினால் மேலே எண்ண மனம் வராது. தென்னைகள் மட்டும் பெரும்பாலும் நின்றன. 1978ஆம் ஆண்டு நவம்பர்ச் சூறாவளியில் இதே மாவட்டத்தில் வீழ்ந்த தென்னைகளுக்குக் கணக்கில்லை. காற்றுக்குத் தலைகொடுத்த மரம் நீருக்குத் தாள்விட்டு நின்றது விந்தையே. வள்ளங்களும் தோணிகளும் கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, தளிர் உதிர்ந்த வேலிகளின் மேல் கிடந்தன.

வானிலிருந்து காணமுடியாத சேதமும் ஒன்றுண்டு, கிணறு. மணற்றரையின் அடியில் மழைநீரானது உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. இக்கரையோர மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தது அந்த மெல்லிய நன்னீர்ப் படலத்தையே. அலை வந்து கிணறுகளை உவராக்கிற்று. நல்லெண்ணத்தோடு வந்தவர்கள் இயந்திரம் வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தனர். அளவுக்கு மீறி இறைத்தமையால் அடியிலிருந்த உப்புநீர் மேலேறிய இடங்களும் உண்டு. மாரி மழை பெய்து மண்ணைக் கழுவிய பின்னரே தண்ணீர் பழைய சுவைக்குத் திரும்பலாயிற்று. அவசரப்படாதிருத்தலும் ஒரு வைத்தியம் என்பதை அப்போது யார் ஏற்பார்?

அதன்பின் வந்தது அளவுகோல். வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று 2005இல் விதி வந்தது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். வரைபடத்தில் ஒரு கோடு கீறுவது எளிது. ஆனால் அகலம் ஒரு கிலோமீற்றரேயுள்ள நாடாவில் 200 மீற்றர் என்பது ஐந்தில் ஒரு பங்கு. கரைவலை இழுப்பவனுக்கோ கடலைப் பாராத வீடு பாதித் தொழிலை இழந்த வீடு. வள்ளத்தையும் வலையையும் யார் காவல் காப்பது? பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கடலோரம் திரும்ப மாட்டேன் என்கிறாள். தந்தை திரும்பாமல் எங்ஙனம் உண்பது என்கிறான். இருவர் சொல்வதும் நியாயமே. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது.

என் கருத்தில், வான்படம் காட்டும் மிக முக்கியமான செய்தி இடிபாடுகளன்று, வழிகளே. அலை வந்த காலையிற் செட்டிபாளையத்திலிருந்து நீரைக் கடந்து அப்பால் செல்ல, வடக்கே வெகுதொலைவிற் கல்லடிப் பாலம், தெற்கே களுவாஞ்சிக்குடிக்கு அருகிற் பட்டிருப்புப் பாலம். இடையிலுள்ள துறைகளில் ‘பாதை’ என்று இங்கே வழங்கும் மிதவை ஓடந்தான். மேற்கே ஓடியவருக்கு எதிரே வாவி.

2012ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் நாள் சுமாத்திராவின் அருகே மீண்டும் பெருநிலநடுக்கம் உண்டாயிற்று. இம்முறை எச்சரிக்கை முன்னதாகவே வந்தது. கரையோர மக்கள் குழந்தைகளையும் முதியோரையும் கூட்டிக்கொண்டு வீதிக்கு வந்தனர். கடலடிப் பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்தமையாற் பேரலை எழவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2014இல், மண்முனையில் வாவிக்குக் குறுக்கே புதிய பாலம் திறக்கப்பட்டது. இன்றைய வான்படத்தில் அது எழுவான்கரையையும் படுவான்கரையையும் இணைக்கும் மெல்லிய கோடாகத் தெரிகிறது.