முத்துச் சல்லடையும் பிலிம் டப்பியும்

முத்துக்கும் போட்டோப் பிலிமுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் எண்களில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு நடந்த காலத்தில், முத்துக்களைத் தரம் பிரிப்பதற்குப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. எல்லாம் ஒரே அளவானவை. துவாரங்களின் எண்ணிக்கை மட்டுமே வேறு. முதற் சல்லடையில் 20 துவாரங்கள். பிறகு 30, 50, 80, 100, 200, 400, 600, 800. கடைசிச் சல்லடையில் 1000. முத்து எந்தச் சல்லடையில் தங்குகிறதோ, அதைக் கொண்டே அதன் தரத்தை நிர்ணயித்தார்கள். எண்ணைச் சொன்னால் வியாபாரிக்கு விஷயம் விளங்கிவிடும்.

தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால் 100, 200, 400, 800 என்னும் எண்களைப் பிலிம் டப்பிகளின்மேல் இன்றும் காணலாம். இங்கே அவை ஒளியை ஏற்கும் வேகத்தைக் குறிக்கின்றன. 100-ஆம் எண் பிலிமுக்கு வேண்டிய ஒளியில் காற்பங்கே 400-ஆம் எண் பிலிமுக்குப் போதும். பெரிய காமிராக்களில் இந்த எண்ணை நாமே திருகி வைத்துக்கொள்ளலாம். கைக்கடக்கமான சிறு காமிராக்களிலோ அநேகமாக அந்தத் திருகு கிடையாது. காமிராவே டப்பியைத் தொட்டுப் பார்த்து எண்ணை அறிந்துகொள்கிறது!

இந்த விந்தையை 1983-ஆம் ஆண்டில் கோடாக் கம்பெனியார் புகுத்தினார்கள். டி.எக்ஸ். குறி என்று அதற்குப் பெயர். டப்பியின் உடம்பில், வரிசைக்கு ஆறாக, இரண்டு வரிசைக் கட்டங்கள் உண்டு. சில கட்டங்களில் உலோகம் வெறுமையாகத் தெரியும். சிலவற்றில் வர்ணம் பூசியிருக்கும். காமிராவுக்குள் இருக்கும் சிறு கம்பிகள் இக்கட்டங்களைத் தொடுகின்றன. வெறும் உலோகத்தில் மின்சாரம் பாயும், வர்ணத்தில் பாயாது. முதல் வரிசையின் முதற் கட்டம் எப்போதும் வெறும் உலோகமே. மற்ற ஐந்து கட்டங்களைத் திறந்தும் மூடியும் 25 முதல் 5000 வரை இருபத்துநான்கு வேகங்களைத் தெரிவித்துவிடுகிறார்கள்.

கடையில் விற்கும் டப்பியை வாங்குவோருக்கு இதில் யாதொரு கவலையும் இல்லை. ஆனால் பிலிம் விற்கும் விலையில், அடிக்கடி டப்பி வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிற காரியமா? நம் நாட்டிலேயே, உதகமண்டலத்தில், இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற சர்க்கார் தொழிற்சாலை 1960-ல் ஸ்தாபிக்கப்பட்டு, 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் தயாரித்து வந்தது. அதுவும் மூடப்பட்டுவிட்டது. ஆகவே சிக்கனத்துக்கு ஒரு வழி, பிலிமை மொத்தமாக வாங்கி வீட்டிலேயே சுற்றிக்கொள்வது. இங்கிலாந்தின் இல்போர்ட் எச்.பி.5 பிளஸ் போன்ற 400-ஆம் எண் பிலிம்கள் 100 அடிச் சுருளாகக் கிடைக்கின்றன. ஒரு சுருளில், 36 படங்கள் கொண்ட டப்பிகள் சுமார் பதினெட்டு நிரப்பலாம். இருட்டறையிலோ, வெளிச்சம் புகாத கறுப்புத் துணிப்பையிலோ இதைச் செய்துவிடலாம்.

சங்கடம் அதற்குப் பிறகுதான். திரும்பத் திரும்ப உபயோகிக்கும் பிளாஸ்டிக் டப்பியில் குறி ஏதும் இராது. குறியில்லாத டப்பியைப் பெரும்பாலான சிறு காமிராக்கள் 100 என்று எண்ணிக்கொள்ளும். உள்ளே இருப்பது 400 ஆனால், வேண்டியதைப்போல் நான்கு மடங்கு ஒளி விழும். மாலை வேளையில் துறைமுகத்தைப் படமெடுத்தால், காமிராவின் கதவு அதிக நேரம் திறந்திருக்கும். கை சிறிது அசைந்தாலும் கப்பல் இரண்டாகத் தெரியும். பழைய கடை டப்பியை மறுபடி நிரப்பினாலும் ஆபத்து உண்டு. டப்பி பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும்!

பரிகாரம் மிகவும் சுலபம். சமையலறையில் பலகாரம் சுற்றி வைக்கும் அலுமினியத் தாள் போதும். முதல் வரிசையின் நீள அகலத்துக்கு ஒரே துண்டாக வெட்டி, டப்பியில் சுருக்கமின்றி ஒட்டவேண்டும். தனித்தனித் துண்டுகளாக ஒட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் செல்லாது. பிறகு எந்தக் கட்டங்கள் பேசக்கூடாதோ அவற்றின்மேல் மெல்லிய செல்லோ டேப்பை ஒட்டி மூடிவிடவேண்டும். சுருள் சுற்றும் குமிழ் வெளியே நீண்டிருக்கும் பக்கத்திலிருந்து எண்ணிக்கொள்க. 100-க்கு 1, 3, 5 ஆகிய கட்டங்கள் திறந்திருக்கவேண்டும். 200-க்கு 1, 2, 3, 5. 400-க்கு 1, 4, 5. 800-க்கு 1, 2, 4, 5. கடையில் வாங்கிய பழைய டப்பி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டங்களின் இடத்தைச் சரிபார்த்துக்கொண்டால் பிசகு நேராது. உலோக டப்பியானால் தாள்கூட வேண்டாம். வேண்டிய கட்டத்தில் வர்ணத்தைக் கத்தியால் சுரண்டினால் போதும். வேலை முடிந்ததும் ஒரு பாட்டரியும் சிறு பல்பும் கொண்டு, முதற் கட்டத்துக்கும் மற்றக் கட்டங்களுக்கும் மின்சாரம் ஓடுகிறதா என்று குழந்தைகளே சோதித்துப் பார்க்கலாம்.

இது வெறும் சிக்கன வித்தை மட்டுமன்று. தூத்துக்குடி உப்பளங்களில் படமெடுத்தவர்களுக்கு இதன் முழுப் பிரயோஜனம் விளங்கும். நடுப்பகலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசச் செய்யும். வெளிச்சத்தை அளக்கும் காமிரா அந்த வெண்மையைக் கண்டு ஏமாந்து, ஒளியைக் குறைத்துவிடும். விளைவு என்ன? உப்புக் குவியல் சாம்பல் நிறமாகிறது; அதன் முன்னால் கூடை சுமந்து நிற்கும் பெண்ணின் முகம் கரிய நிழலாகிவிடுகிறது. கண் எங்கே, மூக்கு எங்கே என்று தெரிவதில்லை. உச்சி வெயிலில் உழைத்த ஒருத்தியின் படத்தில் உப்பு இருக்கிறது, அவள் இல்லை! நீரின் பளபளப்புக்கு எதிரே படகில் நிற்கும் சங்கு குளிப்பவருக்கும் இதே கதிதான்.

திருகில்லாத காமிராவில் இதற்கு என்ன செய்வது? டப்பியைக் கொண்டு காமிராவுக்கு வேறு எண்ணைச் சொல்லலாம். 400-ஆம் எண் பிலிம் நிரப்பிய டப்பியில் 200-க்குரிய குறியை ஒட்டுங்கள். நான்காம் கட்டத்தை மூடி இரண்டாம், மூன்றாம் கட்டங்களைத் திறப்பதுதான் வித்தியாசம். காமிரா இரு மடங்கு ஒளியை அனுமதிக்கும். உப்பு வெண்மையாகும், முகமும் துலங்கும். கறுப்பு வெள்ளைப் பிலிம் ஒளி மிகுதியை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஒளிக் குறைவை அவ்வளவு தாங்காது. பதியாத நிழலை எந்த ரசாயனமும் பிறகு வரவழைக்க முடியாது.

சில எச்சரிக்கைகள் அவசியம். எல்லாக் காமிராக்களும் எல்லா எண்களையும் படிப்பதில்லை; சில 100, 400 என்ற இரண்டை மட்டுமே அறியும். காமிராவோடு வந்த புத்தகத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிய தாளின் ஓரம் பெயர்ந்திருந்தால் காமிராவுக்குள் சிக்கிக்கொள்ளும். டப்பியின்மேல் பிலிமின் உண்மையான எண்ணையும், ஒட்டிய எண்ணையும் இரண்டையும் எழுதி வையுங்கள். கழுவுகிறவருக்கு இரண்டும் தெரியவேண்டும். குளிர்பெட்டியில் வைத்த பிலிமை வெளியே எடுத்தவுடன் பிரிக்கக்கூடாது. கடற்கரை ஊர்களின் ஈரக் காற்று அதன்மேல் பனித்துளியாகப் படிந்துவிடும். சிறிது நேரம் மூடியபடியே வைத்திருந்து பிறகு பிரிக்கவேண்டும்.

ஒரு சாண் அலுமினியத் தாளுக்கு என்ன செலவாகிவிடும்? அடுத்த முறை உப்பளத்துக்குக் காமிரா எடுத்துச் செல்பவர்கள் இரண்டு டப்பிகளைக் கொண்டுபோகட்டும். ஒன்றில் 400-ன் குறி, மற்றொன்றில் 200-ன் குறி. அங்கே உழைப்பவரின் சம்மதத்தைக் கேட்டுப் படம் எடுக்கட்டும். முகம் தெளிவாக விழுந்த பிரதி எதுவோ அதை அவருக்கே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.