சுண்டுவிரல் மரத்துப்போவது ஏன்?

கதவு நிலையிலோ நாற்காலியின் கைப்பிடியிலோ முழங்கையின் உட்புறம் எதிர்பாராமல் இடித்துக்கொண்டபோது, சுண்டுவிரல் நுனிவரை மின்சாரம் பாய்ந்தாற்போல் சுளீரென்று ஓர் அதிர்வு ஓடுவதை அனுபவித்திராதவர் அநேகமாக இரார். எலும்பில் அடிபட்டதாக எண்ணிக் கையை உதறுகிறோம். உண்மையில் அடிபட்டது அல்நார் என்னும் நரம்பு. கழுத்தருகே முதுகுத்தண்டிலிருந்து புறப்பட்டு, புஜத்தின் தசைகளுக்குள் பத்திரமாக இறங்கிவரும் இந்நரம்பு, முழங்கையின் உட்புற எலும்புமுனைக்குப் பின்னேயுள்ள குறுகிய பள்ளத்தில் மட்டும், மேலே தோலும் மெல்லிய நார்ப்பட்டையுமன்றி வேறு காப்பில்லாமல் கிடக்கிறது.

கையை மடக்கும்போதெல்லாம் அப்பள்ளம் ஒடுங்க, நரம்பு இழுபடுகிறது. ஆகவே, கையை மடக்கித் தலைக்கு அணைகொடுத்து உறங்குகிறவர்களுக்கும், மேஜையில் முழங்கையை ஊன்றியபடி மணிக்கணக்கில் வேலை செய்கிறவர்களுக்கும் சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப்போகின்றன. அதை அலட்சியம் செய்தால், நாளடைவில் பிடி தளர்ந்து, சட்டைப் பொத்தான் போடுவதும் பூட்டில் சாவியைத் திருப்புவதுங்கூடப் பிரயாசையாகி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவிலுள்ள சதை வற்றிக் குழிவிழுகிறது.

இதனை அறிய ஒரு காகிதமே போதும். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையே இறுக்கிப் பிடிக்கச் சொல்லி வைத்தியர் மறுமுனையை இழுப்பார். நரம்பு பழுதுற்றவர், காகிதம் நழுவாதிருக்க, தம்மை அறியாமலே கட்டைவிரல் நுனியை மடக்கிக்கொள்வார். பிரெஞ்சு வைத்தியர் ஃப்ரோமான் 1915-இல் எடுத்துரைத்த பரீட்சை இது. நரம்பில் சமிக்ஞை ஓடும் வேகத்தைக் கருவியால் அளந்து, தடை முழங்கையில்தானா, கழுத்திலா, மணிக்கட்டிலா என்பதையும் இக்காலத்தில் நிச்சயிக்கிறார்கள்.

ஆரம்ப நிலையில் சிகிச்சை மிக எளிது: முழங்கையை ஊன்றாதிருப்பதும், இரவில் துண்டையோ பட்டையையோ சுற்றிக் கை மடங்காமல் காப்பதும் பலருக்குக் குணம் தரும். அதற்கும் அடங்காவிட்டால், 1957-இல் ஆஸ்போர்ன் என்னும் வைத்தியர் விவரித்த அந்த நார்ப்பட்டையை அறுத்து நரம்பின் நெருக்கத்தை நீக்குவார்கள். அல்லது நரம்பையே எலும்புமுனைக்கு முன்புறமாக இடம் மாற்றி வைப்பார்கள்.

ஆனால், நைந்த நரம்பு மீண்டும் வளர்வது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டரே; முழங்கையிலிருந்து உள்ளங்கையை எட்ட அதற்குப் பல மாதங்கள் ஆகும். வற்றிப்போன தசை அதுவரை காத்திராது. ஆதலால் வைத்தியரைக் காணவேண்டிய காலம், விரல் மெலிந்த பிறகன்று. அடிக்கடி மரக்கத் தொடங்கும்போதே.