பதினைந்தாம் தேதிப் பணம்: கணக்கிலிருந்து கைக்கு

அரிசியாகவோ வேலையாகவோ தராமல், அரசு தன் உதவியைப் பணமாகவே பயனாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தும் முறைக்கு நேரடிப் பணப் பரிமாற்றம் என்று பெயர். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதன் பரந்த வடிவம், 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டமாகும். தொடக்கத்தில் சுமார் 1.06 கோடி குடும்பத் தலைவிகளுக்கு மாதந்தோறும் பதினைந்தாம் தேதியையொட்டி 1,000 ரூபாய் வழங்கப்பட்டது. ஊர்வழக்கில் ‘ஓ.ஏ.பி. பணம்’ எனப்படும் முதியோர் ஓய்வூதியம் (2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது), ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாகத் தரும் பி.எம். கிசான் ஆகியவையும் இதே வழியில் வருபவையே.

ஆயிரம் ரூபாய் ஒரு குடும்பத்தை வறுமையிலிருந்து மீட்டுவிடாது. ஆயினும் நடவு, களை, அறுப்பு என்று வேலை வந்து போகும் கூலிக் குடும்பத்தில், வரும் நாள் முன்கூட்டியே தெரிந்த வருமானம் இது ஒன்றுதான் என்பதால், இதன் பயன் தொகையின் அளவைவிடப் பெரிதாகிறது. மளிகைக் கடையின் பற்று நோட்டில் பெயருக்கு எதிரே ஏறிக்கொண்டே போகும் கணக்கு மாதத்தில் ஒரு நாளாவது அடிக்கப்படுகிறது. பள்ளி திறக்கும் மாதத்தில் அடகுக் கடைக்குப் போயிருக்கக்கூடிய கொலுசு வீட்டிலேயே இருக்கிறது. கணவனிடம் காரணம் சொல்லிக் கேட்க வேண்டிய செலவுகள் சில, கேட்காமலே நடக்கின்றன. மத்தியப் பிரதேசக் கிராமங்களில் 2011–12இல் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு யுனிசெஃப் ஆதரவுடன் நடத்திய சோதனையில், வளர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 200 ரூபாயும் குழந்தைக்கு 100 ரூபாயும், பின்னர் முறையே 300, 150 ரூபாயும் நிபந்தனையின்றித் தரப்பட்டபோது, குடும்பங்கள் ஆடு மாடும் விதையும் வாங்கின. பிறர் நிலத்தில் கூலிக்குப் போவதைக் குறைத்துத் தம் நிலத்தில் உழைக்கத் தொடங்கியோரும் இருந்தனர். பணமாகக் கொடுத்தால் குடித்தே அழித்துவிடுவார்கள் என்ற பேச்சைப் பொறுத்தவரை, கென்யா உள்ளிட்ட பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அதற்கு ஆதாரம் தரவில்லை. ஏழையின் கையில் காசு தங்காது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வயிறு நிறைந்தவர்களே.

மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தின் பெயரில் ‘உரிமை’ என்ற சொல் இருந்தாலும், இது அரசாணையால் அமைந்த திட்டம் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். எனவே தகுதி விதிகளை அரசு மாற்ற முடியும். ஆனால் விதிக்குட்பட்ட ஒருவரைக் காரணமின்றி விலக்க முடியாது. தொடக்க விதிகளின்படி 21 வயது நிறைந்த குடும்பத் தலைவியாக இருத்தல், ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டாமை, 5 ஏக்கருக்கு மேல் நன்செயோ 10 ஏக்கருக்கு மேல் புன்செயோ இல்லாமை, ஆண்டு மின் நுகர்வு 3,600 யூனிட்டைத் தாண்டாமை ஆகியன தகுதிகளாக இருந்தன. விண்ணப்பம் தள்ளப்பட்டவர் 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. விற்றுப்போன பழைய நான்கு சக்கர வாகனம் பெயர் மாறாமல் கிடப்பதுகூடத் தகுதியைக் கெடுக்கும் என்பதால், தள்ளியதற்கான காரணத்தை முதலில் அறிவது அவசியம். காரணம் சொல்லப்படாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அதற்குக் கட்டணமில்லை.

பணம் அனுப்பப்பட்டும் வந்து சேராதது இன்னொரு வகைச் சிக்கல். ஆதார் எண்ணை அடிப்படையாகக் கொண்டு செலுத்தப்படும் தொகை, பயனாளி பாஸ்புத்தகம் வைத்திருக்கும் கணக்குக்கு அன்றி, ஆதார் கடைசியாக எந்தக் கணக்குடன் இணைக்கப்பட்டதோ அதற்கே போகும். பல ஆண்டுகளுக்கு முன் குழுக் கடனுக்காகத் திறந்து மறந்த கணக்கில் தொகை சேர்ந்துகொண்டிருப்பதும் உண்டு. எந்த வங்கியுடன் ஆதார் இணைந்துள்ளது என்பதை வங்கிக் கிளையிலேயே கேட்டறிந்து, எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

கணக்கில் வந்த பணம் அங்கேயே குறைவதும் நடக்கிறது. 2023இல் முதல் தவணை வந்தபோதே, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கிகள் அபராதம் பிடித்ததாகப் புகார்கள் எழ, அவ்வாறு பிடிக்கக் கூடாது என்று மாநில அரசு வங்கிகளுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு, அதாவது ‘ஜீரோ பேலன்ஸ்’ கணக்கு, எல்லா வங்கியிலும் உண்டு; அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இல்லாதவர், தம் கணக்கை அவ்வகைக்கு மாற்றக் கோரலாம். தவறாகப் பிடித்த தொகை குறித்து வங்கிக்கு எழுத்துமூலம் கொடுத்த புகாருக்கு 30 நாட்களில் பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இதற்கான வழிகாட்டுதல் 14448 என்ற எண்ணில் கிடைக்கும்.

பணம் கைமாறும் இடத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். கிளை தொலைவில் உள்ள ஊர்களில் வங்கியின் சார்பாகச் செயல்படும் முகவர், கையடக்கக் கருவியில் ரேகை பதியவைத்துப் பணம் தருகிறார். களை பிடுங்கித் தேய்ந்த விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்தும் ரேகை விழாமல் போவது இயல்பே. அதைச் சாக்காக வைத்து இரண்டாம், மூன்றாம் முறை விரல் வைக்கச் சொல்லும்போது ஒவ்வொரு பதிவும் தனித்தனிப் பண எடுப்பாக மாற வாய்ப்புண்டு. ஆகவே ஒவ்வொரு முறையும் சீட்டு கேட்டு வாங்குவதும், பாஸ்புத்தகத்தில் வரவு செலவைப் பதிந்து பார்ப்பதும் பாதுகாப்பு. ரேகை வைப்பதற்கென்று முகவர் பத்தோ இருபதோ எடுத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி விதி இடம் தருவதில்லை. ஏ.டி.எம். கருவியிலோ முகவரின் கருவியிலோ கணக்கில் கழிந்து கையில் வராத பணம் ஐந்து நாட்களுக்குள் திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

தொலைபேசியில் ஓ.டி.பி. கேட்பவர் எவராயினும் மோசடிக்காரர் என்று கொள்வதே நலம். ஏமாந்தவர் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும், ஏனெனில் வங்கிக்குத் தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியையே சாரும். இதைவிடச் சத்தமில்லாமல் நடப்பது, கடன் கொடுத்தவர் ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் ஈடாக வாங்கி வைத்துக்கொண்டு, பதினைந்தாம் தேதி பிறந்ததும் தானே எடுத்துக்கொள்ளும் வழக்கம். அந்த வீட்டில் தொகை வருவது கணக்கில் மட்டுமே. கடன் பாக்கி இருப்பதாலேயே பிறர் அட்டையைப் பிடித்து வைக்கும் உரிமை எவருக்கும் கிடைத்துவிடுவதில்லை. கிளைக்குப் பாஸ்புத்தகத்துடன் சென்று பழைய அட்டையை முடக்கிப் புதிய அட்டை கேட்க, கடன் கொடுத்தவரின் சம்மதம் தேவையில்லை.