தொப்பியைக் கழற்றி வணங்கிய எதிரி

1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் வடக்கு, தெற்கு என இரண்டு அணிகளாகப் பிரிந்தார்கள். டெக்சாஸிலிருந்து வந்த தாமஸ் ராஸர், பட்டம் வாங்காமலே தெற்கே கிளம்பினார். அவருடைய நெருங்கிய நண்பர் ஜார்ஜ் கஸ்டர் வடக்கோடு நின்றார். வகுப்பின் 34 பேரில் கடைசியாகத் தேறியவர்.

1864 அக்டோபர் 9. வர்ஜீனியாவின் டாம்ஸ் புரூக்கில் இருவரும் குதிரைப்படைத் தளபதிகளாக எதிரெதிரே வந்தார்கள். கஸ்டர் முன்னால் வந்து, தொப்பியைக் கழற்றி, ராஸரின் திசை நோக்கித் தலைவணங்கினார். பிறகு தாக்கினார். ராஸரின் படை பல மைல் தூரம் சிதறி ஓடியது. நட்பு போரின் கடுமையைக் குறைக்கும் என்று நம்ப இங்கே இடமில்லை.

பத்தே நாளில் சீடர் கிரீக் சண்டை. தென்தரப்புத் தளபதி ஸ்டீபன் ராம்ஸர் குண்டடிபட்டுச் சிறைப்பட்டார். வயது 27. தனக்குக் குழந்தை பிறந்த செய்தி அப்போதுதான் எட்டியிருந்தது. ஆணா பெண்ணா என்பதுகூட அவருக்குத் தெரியாது. பெல் குரோவ் மாளிகையில் உயிருக்குப் போராடியவரின் படுக்கையருகே கஸ்டர் உள்ளிட்ட பழைய கல்லூரித் தோழர்கள், வடதரப்புச் சீருடையிலேயே வந்து நின்றார்கள். அந்தப் போரின் எத்தனையோ வெற்றி தோல்விகளைவிட மனதை உலுக்கும் கட்டம் இது. மறுநாள் ராம்ஸர் இறந்தார்.

கஸ்டரும் ராஸரும் போருக்குப் பின் மீண்டும் கூடினார்கள். 1873-இல் நார்தர்ன் பசிபிக் ரயில்பாதைக்காக நில அளவை செய்யப்போன ராஸரின் குழுவுக்குக் காவலாகச் சென்ற படையில் கஸ்டரும் இருந்தார்.