செல்ஃப் எடுக்காத விமானம்

ஆஸ்டின் டவுனின் நெருக்கமான தெருக்களில் காலை நேரத்தில் ஒரு கார் கிளம்ப மறுத்தால் யாரும் பதறுவதில்லை. செல்ஃப் எடுக்கவில்லை என்று சொன்னால் போதும். எதிர்வீட்டுக்காரரும் டீக்கடையில் நிற்பவர்களும் வந்து தள்ளுவார்கள். இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டால் எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். பெங்களூரின் வடக்கு விளிம்பில் உள்ள ஜக்கூர் விமான தளத்தில் நிற்கும் சிறு பயிற்சி விமானத்துக்கு இதே கோளாறு வந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. விமானத்தின் சக்கரங்களுக்கும் எஞ்சினுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எவ்வளவு தள்ளினாலும் அது உருளும், அவ்வளவுதான். மிஞ்சும் குறுக்கு வழி ஒன்றே ஒன்று: விசிறியைக் கையால் சுற்றிவிடுவது. அது ஆளைக் கொல்லும்.

ஒரு காலத்தில் அது குறுக்கு வழி அல்ல, நடைமுறை. ஆஸ்டின் டவுனுக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹெச்.ஏ.எல். தொழிற்சாலையில் வி.எம்.காட்கே வடிவமைத்த புஷ்பக் விமானம் 1958இல் முதன்முதலாகப் பறந்தது. நாடெங்கும் ஃப்ளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறையே பறக்கக் கற்றுக்கொண்டது அதில்தான். அதன் 90 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சினில் செல்ஃப் மோட்டார் கிடையாது. முன்னால் நிற்பவர் குரல் கொடுப்பார், உள்ளே இருப்பவர் பதில் சொல்வார், பிறகுதான் விசிறியில் கை படும். எங்கே கால் வைப்பது, இழுத்த கையோடு எப்படிப் பின்வாங்குவது என்பதெல்லாம் பயிற்சியாகவே தரப்பட்டது. சாவியைத் திருப்பிப் பழகிய இன்றைய மாணவருக்கு அந்தப் பயிற்சி இல்லை. அவசரம் மட்டும் இருக்கிறது.

ஆபத்துக்குக் காரணம் மேக்னெட்டோ. கார் எஞ்சினுக்குத் தீப்பொறி பேட்டரியின் தயவில் கிடைக்கிறது. விமான எஞ்சினில் மேக்னெட்டோ தானே மின்சாரம் உண்டாக்கிக்கொள்கிறது. பேட்டரி அடியோடு செத்திருந்தாலும் விசிறி கொஞ்சம் அசைந்தால் பொறி பறக்கும். சாவியை மூடுவது அதை எர்த் செய்து அடக்கும் வேலைதான். அந்த ஒற்றை ஒயர் அறுந்திருந்தால் சாவி மூடியிருந்தும் மேக்னெட்டோ விழித்திருக்கும். எனவே சோதனையைத் தொடங்குமுன் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, எரிபொருள் கலவை மூடல், விசிறி வட்டத்துக்குள் யாரும் இல்லை என்ற உறுதி, இவை மூன்றும் வேண்டும்.

பழியை எல்லோரும் முதலில் செல்ஃப் மோட்டார் மீதுதான் போடுகிறார்கள். பல சமயம் குற்றவாளி வேறு. லேண்டிங் லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் பாதி விஷயம் தெரிந்துவிடும். விளக்கு மங்கி அணையப்பார்த்தால் பேட்டரி சோர்ந்திருக்கிறது, அல்லது இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது மோட்டாரோ எஞ்சினோ இறுகிக் கிடக்கிறது. விளக்கு அசையாமல் எரிந்தால் மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை. அப்போது காதைத் தீட்ட வேண்டும். 'டக்' என்ற சத்தம் கேட்டால் சாலினாய்டு வேலை செய்கிறது. அதன் உள்முனைகள் கருகியிருக்கலாம், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். சத்தமே இல்லையென்றால் சந்தேகம் சாவி ஸ்விட்ச் மீதும் சாலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயர் மீதும் விழுகிறது.

மோட்டார் 'விர்ர்' என்று சுற்றி விசிறி மட்டும் நின்றால் அது வேறு கதை. பெண்டிக்ஸ் எனப்படும் சிறு பற்சக்கரம் முன்னால் நகர்ந்து பெரிய ரிங் கியரைக் கவ்வவில்லை. தண்டில் பிசுக்கு ஏறியிருக்கும். இங்கே ஒரு வேடிக்கை: லைக்கமிங் எஞ்சின்களின் ரிங் கியரில் 122 பற்களும் உண்டு, 149 பற்களும் உண்டு. எண்ணிப் பார்க்காமல் மோட்டார் வாங்கியவர் திரும்பவும் கடைக்குப் போக வேண்டியதுதான்.

அதிகம் ஏமாற்றுவது எர்த். எஞ்சின் ரப்பர் தாங்கிகள்மேல் உட்கார்ந்திருப்பதால் மின்சாரம் திரும்பிப் போகப் பின்னலான ஒரு செம்புப் பட்டைதான் வழி. அதில் துரு ஏறி 0.01 ஓம் தடை சேர்ந்தாலே, 200 ஆம்பியர் பாயும்போது 2 வோல்ட் போய்விடும். 12 வோல்ட் பேட்டரிக்கு அது ஆறில் ஒரு பங்கு. பட்டை அறுந்தே போனால் மின்சாரம் த்ராட்டில் கேபிள் வழியாகப் பாதை தேடும், கேபிள் சூடேறிப் பொசுங்கும். வோல்ட் மீட்டரை மோட்டார் உடலுக்கும் பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் இடையே வைத்துச் சாவியைத் திருப்பினால் முள் காட்டிக்கொடுத்துவிடும். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புது மோட்டார் போட்ட பிறகும் கிளம்பாத விமானங்களில் யாரும் இதைச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

கையால் சுற்றி எப்படியோ கிளப்பிவிட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. முற்றிலும் காலியான பேட்டரி இருந்தால் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரத் தொடங்காது. ரேடியோ இல்லாமல் பறக்க நேரும். சோதித்துப் பார்ப்பதும் சொல்வதும் விமானியின் வேலை. கழற்றி மாட்டிக் கையெழுத்துப் போடும் உரிமை டி.ஜி.சி.ஏ. உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளருக்கே. பழுது பார்த்து முடித்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அவர் கண் முதலில் போவது ஆம்பியர் மீட்டருக்கு. சாலினாய்டின் முனைகள் ஒட்டிக்கொண்டு, செல்ஃப் மோட்டார் விடாமல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கத்தான்.