ஐவர் அணி நடைப் போட்டி

வாரம் 150 நிமிடமாவது உடலை அசைக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கழனியில் களை எடுக்கிறதும் இதில் சேரும். தையல் மிஷின் முன்னாடியே உட்கார்ந்திருக்கிற நமக்குத்தான் நடை அவசியம்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நம்ம குழுக்களில் இப்படிப் போட்டி வைக்கலாம். 15 பேர் என்றால் ஐந்தைந்து பேராக மூன்று அணி. அரை மணி நடந்தால் ஒருவருக்கு 1 மதிப்பெண். வாரம் 5 நாள், 4 வாரம். அணிக்கு மொத்தம் 100. ஒரு மணி நேரம் நடந்தாலும் அதே 1 தான்! அதனால் வராதவரைக் கூட்டிவந்தால்தான் ஜெயிக்கலாம். "தண்ணி வர்ற நேரமாச்சே" என்பாங்க. அணியே நேரத்தை மாத்திக்கணும், இல்லேன்னா ஒருத்தர் குடம் பிடிச்சுத் தரணும்.

பிபி, சர்க்கரை உள்ளவங்க முதலில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலரிடம் பார்த்துக்கிட்டு நடங்க. பரிசுக்குச் சேமிப்புப் பணத்தைத் தொட வேண்டாம். தோத்த அணி சுண்டல் செய்து போடட்டும்!