பெசன்ட் நகர் காற்றில் ஓர் அமிலம்

எலியட்ஸ் கடற்கரையில் கடலைத் தொடும் காற்றில் ஓசோன் உண்டு. வாகனப் புகையில் வெயில் பட்டாலே அது உருவாகிவிடும். கடல்நீரின் அயோடைடு அதனுடன் வினைபுரிந்து ஹைப்போஅயோடஸ் அமிலமாகிறது. ஹைட்ரஜன், ஆக்சிஜன், அயோடின், ஆளுக்கு ஓர் அணு. பெயர்தான் அமிலம், வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைவிட லட்சம் மடங்குக்கு மேல் வலு குறைவு! பாட்டிலில் அடைத்து வைக்கவும் முடியாது. நீரில் தானாகவே சிதைந்து அயோடைடாகவும் அயோடேட்டாகவும் பிரிந்துவிடும். இதில் அயோடேட் கெட்டிக்காரன். நம் சமையல் உப்பில் கலப்பதும் பொட்டாசியம் அயோடேட்தான். சென்னையின் புழுக்கத்தையும் தாங்கும். காற்றில் கலந்த அமிலமோ வெயிலில் சில நிமிடங்களில் உடைகிறது. அதிலிருந்து வெளிவரும் அயோடின் அணு, ஓசோனையே அழிக்கக் கிளம்பிவிடுகிறது.